எனக்கு வராத துண்டு

பக்கத்து நாற்காலியில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தவளின் வீட்டுக் கதவு என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது. எங்கள் யார்டு சூப்பர்வைசருக்குத் தெரியும். பச்சையாம். பேச்சுவாக்கில் அவர் அதைச் சொன்ன அன்று, கையிலிருந்த டீயை நான் மேஜையில் வைத்த வேகத்தில் பாதி டீ காகிதங்களின் மேல் கொட்டியது. ஒரு கதவின் நிறத்துக்கா இவ்வளவு ஆத்திரம் என்று கேட்கலாம். அப்படிக் கேட்பவர்கள் பாக்கியசாலிகள். அவர்கள் யார் மேலும் உயிரை வைத்து ஏமாந்ததில்லை.

தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிறவர்களுக்குப் பத்திர வேலை செய்துகொடுக்கும் ஏஜென்சி எங்களுடையது. உப்பு, இறால், காய்ந்த பூ என்று எது கப்பலேறினாலும் அதற்கான பத்திரங்களைத் தயார் செய்வது என் பிரிவு. அவள் கம்ப்யூட்டர் பிரிவு. பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். தருவைகுளத்துக்காரி. ஒல்லி, என்னைவிட நல்ல உயரம், நடந்தால் சத்தமே வராது. சிரித்தால் மட்டும் மாடி வரைக்கும் கேட்கும். அந்தச் சிரிப்பை அதிகம் வரவழைத்தது நான்தான் என்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

மதியம் அவள் டிபன் டப்பாவைத் திறப்பதைப் பார்க்கவேண்டும். விளமீனின் நடுத்துண்டு உள்ளே உட்கார்ந்து சாப்பிடும் அக்கவுண்ட்ஸ் அண்ணாச்சிக்குப் போகும். தலை, வெளியே வராந்தாவில் சாப்பிடும் சூப்பர்வைசருக்கு. குழம்பு எனக்கு.

"ஏளா, மீனக் காணலையே?" என்பேன்.

"உனக்குக் குழம்புதான பிடிக்கும்?" என்பாள்.

எனக்கு மீனும் பிடிக்கும். அதை எத்தனை தடவை சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை.

எதையும் முழுசாக ஒருவரிடம் தரமாட்டாள். அவள் குணத்தை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். ஊருக்குப் போனால் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில், பீரோச் சாவி சித்தி வீட்டில். ஸ்கூட்டியை யாராவது இரவல் கேட்டால் வண்டி ஒருவரிடமிருந்தும் சாவி இன்னொருவரிடமிருந்தும் வரும். கிண்டல் செய்தால் கோபித்துக்கொள்ளமாட்டாள். "முழுசா ஒருத்தர்கிட்ட இருந்தா அது பூட்டே இல்லளா" என்று மட்டும் சொல்வாள். இதைச் சொல்லாமல் அவளுக்கு ஒரு வாரம் போகாது.

அவள் வருவதற்கு முன்னால் எங்கள் ஆபீஸ் இருந்த லட்சணத்தைச் சொன்னால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். பத்திரங்களில் இப்போதெல்லாம் பேனாக் கையெழுத்து கிடையாது, கம்ப்யூட்டர்தான் போடுகிறது. அதற்கு ஒரு ரகசியச் சாவி உண்டு. சாவி என்றால் இரும்பு இல்லை, மிக நீளமான ஓர் எண். அது யார் கையில் இருக்கிறதோ அவர் முதலாளி பெயரிலேயே கையெழுத்துப் போட்டுவிடலாம். எங்கள் முதலாளியின் சாவி பென் டிரைவ் மாதிரி ஒரு குச்சிக்குள் இருந்தது. குச்சி சுவரில் ஆணியில் தொங்கியது. அதைத் திறக்கிற ரகசிய எண், யாரும் மறந்துவிடக் கூடாது என்று, அதன் மேலேயே ஸ்டிக்கரில் ஒட்டியிருந்தது. அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் எடுத்துச் செருகுவோம். தண்ணீர் கேன் போடுகிறவர் நினைத்திருந்தால்கூட ஒரு கன்டெய்னரைக் கொழும்புக்கு அனுப்பியிருக்கலாம்.

வந்த புதிதில் ஒருநாள் அவள் அந்தக் குச்சியைக் கழற்றி எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குள் போனாள். என்ன நடக்கிறது என்று பார்க்க நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணாச்சி, உங்க வலது கை அங்கன ஆணியில தொங்கிக்கிட்டுக் கெடக்கு. பாத்தியளா?"

முதலாளி தன் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். விஷயத்தை அவள் விளக்கினாள்.

"அப்பம் எங்கன வைக்கச் சொல்லுத? என் டிராயர்லயா?"

"டிராயர்ல வச்சா, டிராயர் சாவி யாருகிட்ட இருக்கோ அவியதான் முதலாளி."

"சரிம்மா, நீயே வச்சிக்கோ. உம்மேல எனக்கு நம்பிக்க இருக்கு."

"எனக்கு எம்மேல இல்ல அண்ணாச்சி."

கடைசியில் கையெழுத்துக்கென்றே சர்வர் அறைக்கு ஒரு தனி இயந்திரம் வந்தது. ரகசியச் சாவி அதற்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். இயந்திரம் அணைந்து மறுபடி எழுந்தால் பெரிய சாவி ஒன்றைக் கொடுக்கவேண்டும், கொடுத்தால்தான் வேலை செய்யும். அந்தப் பெரிய சாவியை ஐந்து துண்டாக்கி ஐந்து பேரிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னாள். அதில் எந்த மூன்று பேர் வந்தாலும் போதுமாம்.

முதலாளிக்குப் பிடிபடவில்லை. "அஞ்சா வெட்டுனா அஞ்சும் சேந்தாத்தான திறக்கும்? ஒருத்தன் தொலச்சிட்டாம்னா நாம தெருவுலயா நிக்க?"

"வெட்டல அண்ணாச்சி. எங்க அப்பா கடல்ல பார் இருக்க இடத்த எப்படிக் கண்டுபிடிப்பாவ தெரியுமா?"

பார் என்பது கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டு. ஒரு காலத்தில் அங்கே முத்துக் குளித்தார்கள், இப்போது மீன் பிடிக்கிறார்கள். அதற்கு மேலே தண்ணீரைத் தவிர வேறு அடையாளம் இருக்காது.

"கரையில கோவில் கோபுரமும் ஐஸ் கம்பெனித் தண்ணித் தொட்டியும் ஒரே நேராத் தெரியணும். அது ஒரு அடையாளம். அது மட்டும் தெரிஞ்சவன் அந்தக் கோட்டப் புடிச்சிக்கிட்டு இலங்கை வரைக்கும் போவான், பார் கிடைக்காது. லைட் ஹவுசும் ஒத்தப் பனையும் நேரா வாரது இன்னொரு அடையாளம். ரெண்டு கோடும் சேருத இடத்துலதான் பார் இருக்கு. இப்படி அஞ்சு அடையாளம் இருந்தா, அதுல எந்த ரெண்டு தெரிஞ்சாலும் போதும். ஒண்ணு மட்டும் தெரிஞ்சவனுக்கு ஒண்ணுமே தெரியாத மாதிரிதான். இங்கன நான் ரெண்டுக்குப் பதிலா மூணு வச்சிருக்கேன், அம்புட்டுதான்."

முதலாளி வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். அவளைக் கூட்டிக்கொண்டுபோய் ஊர் முழுக்கக் காட்டவேண்டும் போல எனக்குப் பெருமையாக இருந்தது. ஐந்தில் ஒன்று எனக்குத்தான் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

முதலாளிக்கு ஒன்று போனது. மில்லர்புரத்தில் இருக்கும் அவர் தங்கைக்கு ஒன்று. அந்த அக்காவும் கம்பெனியில் பங்குதாரர்தான், ஆனால் அப்பா கட்டின வீடு யாருக்கு என்ற பேச்சில் அண்ணனோடு முறைத்துக்கொண்டு ஆபீஸ் பக்கமே வருவதில்லை. அக்கவுண்ட்ஸ் அண்ணாச்சிக்கு ஒன்று, சூப்பர்வைசருக்கு ஒன்று. இவர்கள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அக்கவுண்ட்ஸ் அண்ணாச்சி தன் மகள் கல்யாணப் பத்திரிகையை வீட்டுக்குப் போய்த் தட்டில் வைத்துக் கொடுக்காமல், சூப்பர்வைசருக்கு மட்டும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டார். அது அவருக்குப் பெரிய அவமானமாகிவிட்டது. ஐந்தாவது துண்டை அவளே வைத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு துண்டும் தலையும் வாலும் புரியாத ஒரு நீண்ட எழுத்து வரிசை. கறுப்புக் கவரில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் அவரவர் கையெழுத்து. "எங்கன வைக்கியன்னு எங்கிட்டயும் சொல்லாதிய" என்று எல்லோரிடமும் சொன்னாள். கறுப்புக் கவர் கடையில் இருந்து வாங்கிவந்தது நான். அந்தச் சடங்கில் எனக்குக் கிடைத்த வேலை அதுதான்.

அன்று சாயங்காலமே கேட்டுவிட்டேன். "எனக்கு ஏன்ளா இல்ல?"

"உனக்கு எதுக்குளா அந்தப் பாரம்?" என்றாள், என் கன்னத்தைத் தட்டி.

வயிறெரிந்தது. வேறு வார்த்தை போட்டு அதை மெழுக எனக்கு இஷ்டமில்லை. அடுத்த நாளிலிருந்து சூப்பர்வைசர் நடையே மாறிவிட்டது. நாட்டின் பாதுகாப்பே தன்னிடம் இருப்பதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு யார்டுக்குப் போனார். ஒரு மெயில் ஒழுங்காக அனுப்பத் தெரியாது அவருக்கு. அக்கவுண்ட்ஸ் அண்ணாச்சி பாஸ்வேர்டை மாதம் இரண்டு தடவை மறப்பார், நான்தான் மாற்றிக்கொடுப்பேன். இவர்களை நம்பியவளுக்கு என்னை நம்ப என்ன தடை? ராத்திரி படுத்தால் இதே யோசனை.

அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போன சமயம் இன்னும் மோசம். எனக்கு அவள் சொன்னது, "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, நாலஞ்சு நாள் வரமாட்டேன்." அவ்வளவுதான். அக்கவுண்ட்ஸ் அண்ணாச்சிக்கு மதுரையில் எந்த ஆஸ்பத்திரி என்று தெரிந்திருந்தது. மில்லர்புரத்து அக்காவுக்கு, அது கர்ப்பப்பை ஆபரேஷன் என்று தெரிந்திருந்தது. சூப்பர்வைசருக்கு என்ன ரத்த வகை என்று தெரிந்திருந்தது. நான் யாரையும் துருவித் துருவிக் கேட்கவில்லை. டீ குடிக்கும்போது ஒருவர், லிஃப்ட்டில் ஒருவர், போனில் ஒருவர் என்று அவர்களாகவே சொன்னார்கள். எல்லோரும் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள், அது என் முகராசி. ரெண்டே நாளில் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் என்னைப் பார்த்ததும் அவள் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் பயம்தான் வந்தது.

"யாரு சொன்னா?" என்றாள்.

வந்தியா, சாப்பிட்டியா ஒன்றும் இல்லை. யார் சொன்னது என்பதுதான் முதல் கேள்வி. பிறகு சுதாரித்துக்கொண்டு என் தோளில் சாய்ந்து அழுதாள் என்பது வேறு. ஆனால் அந்த முதல் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

இன்னொன்றும் அப்போது எனக்குப் புரியவில்லை. ஒரு பொங்கலுக்கு, பத்திரிகைச் சண்டையை முடித்துவைக்கலாம் என்று நான் இறங்கினேன். அக்கவுண்ட்ஸ் அண்ணாச்சி தட்டோடு வந்து வருத்தம் தெரிவிக்கச் சம்மதித்துவிட்டார். சூப்பர்வைசரும் பாதி இறங்கிவிட்டார். அவள்தான் நடுவில் புகுந்தாள். "இத்தன வருஷம் கழிச்சு வந்தா ஆச்சா அண்ணாச்சி? உங்க மரியாதைய நீங்களே விட்டுக்குடுக்காதிய" என்று சூப்பர்வைசரிடம் சொன்னாள். அவர் மறுபடி விறைத்துக்கொண்டார். ஊர் வம்பில் தலையிடாதவள் இதில் மட்டும் ஏன் தலையிட்டாள் என்று நான் குழம்பினேன். என் முயற்சி ஜெயிப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை என்றுகூட நினைத்தேன்.

பிறகு மஸ்கட்டில் வேலை கிடைத்தது அவளுக்கு. போகிற வாரம் முழுவதும் நான் ஒரே ஒரு விஷயத்துக்காகக் காத்திருந்தேன். அவளிடம் இருந்த ஐந்தாவது துண்டு யாருக்கு? இப்போது தராமல் எப்போது தருவாள்? அவள் அதைக் காயல்பட்டினத்துப் பாய்க்குக் கொடுத்தாள். எங்களுக்கு லாரி விடுகிறவர். முதலாளி ஒரு நல்ல சவாரியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார் என்று, 'இனிமே உங்க ஆபீஸ் படி ஏறமாட்டேன்' என்று போனவர். அவள் காயல்பட்டினத்துக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். எனக்குத் தன் டிபன் டப்பாவைத் தந்தாள். காலி டப்பா. வழியனுப்பப் போகக்கூடாது என்று சத்தியம் செய்துகொண்டு, கடைசியில் பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் முன்னால் போய் நின்றவளும் நான்தான்.

அவள் போன பிறகு ஒரு வருஷம் கார்த்திகையில் பேய் மழை. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கரண்டை நிறுத்திவிட்டு, கையெழுத்து இயந்திரத்தைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோனோம். ஜெனரேட்டரில் போட்டதும் அது மூன்று துண்டு கேட்டது. யார்டில் இறால் கன்டெய்னர்கள் குளிரூட்டியோடு நிற்கின்றன. மறுநாள் காலையில் கப்பல் கிளம்பிவிடும். பத்திரத்தில் கையெழுத்து விழாமல் ஒரு பெட்டி உள்ளே போகாது. இறால்காரர் போனில் அழாத குறை.

முதலாளியிடம் ஒரு துண்டு இருந்தது. மில்லர்புரத்து அக்கா விளாத்திகுளத்தில் ஒரு விசேஷத்துக்குப் போய் மாட்டிக்கொண்டார். காயல்பட்டினம் ரோட்டில் தண்ணீர் ஓடியதால் பாய் வர வழியில்லை. மிச்சம் இருந்தது சூப்பர்வைசரும் அக்கவுண்ட்ஸ் அண்ணாச்சியும்.

"நீ போய்க் கூட்டிட்டு வாம்மா" என்றார் முதலாளி. "நீ சொன்னாத்தான் ரெண்டு பேரும் கேப்பாவ."

அக்கவுண்ட்ஸ் அண்ணாச்சி வீட்டு வாசலில் நனைந்துகொண்டு நின்றேன்.

"அவன் வாரானா?" என்றார்.

"வாராவ அண்ணாச்சி."

"அப்பம் நான் வரல. அவன் இருக்க ரூம்ல எனக்கென்ன சோலி?" உள்ளே போய் அரிசி டிரம்முக்குள் கையை விட்டுக் கறுப்புக் கவரை எடுத்துவந்தார். "இந்தா, நீயே கொண்டு போ. உங்கிட்ட குடுக்கதுக்கு என்ன?"

சூப்பர்வைசர் வீட்டிலும் அதே கதைதான். "அந்தாளு மூஞ்சில முழிச்சிட்டு நான் சோறு திங்கவா?" என்று கேட்டுவிட்டு, பைக் சீட்டைத் திறந்து அடியிலிருந்து கவரை எடுத்து என் கையில் திணித்தார்.

ஆட்டோவில் இரண்டு கவரையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலாளியிடம் கேட்டால் அவரும் தந்துவிடுவார். அதோடு முழுச் சாவியும் என்னுடையது. ஒரு துண்டுக்குக்கூட நான் லாயக்கில்லை என்று வைத்தாளே! வெற்றிக் களிப்பு தாங்கவில்லை. ஆட்டோவிலிருந்தே மஸ்கட்டுக்குப் போன் போட்டேன்.

"நீ எனக்கு ஒண்ணுகூடக் குடுக்கல. இப்ப ரெண்டு என் மடியில இருக்கு. மூணாவது முதலாளி அண்ணாச்சிகிட்ட, கேட்டாக் குடுத்துருவாவ. இப்ப என்ன சொல்லுத?"

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பிரிச்சியா?"

"இல்ல."

"பிரிக்காத. திரும்பப் போயி அவியவிய கையில குடுத்து, ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா. ஒருத்தர் டைப் அடிக்கும்போது மத்தவிய சுவரப் பாத்து நிக்கணும். நீ ரூமுக்கு வெளிய நில்லு."

"நான் வெளிய நிக்கணுமா?"

"இப்பமாவது தெரியுதா உனக்கு ஏன் குடுக்கலன்னு?" அவள் குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. "ஒருத்தருக்கொருத்தர் ஆகாதவியளாப் பாத்துப் பாத்து எடுத்தேன். இவிய மூணு பேரு ஒண்ணு சேந்து களவாங்கமாட்டாவன்னு. உங்கிட்ட ஒண்ணு இருந்தா மீதிய நீ கேக்கக்கூட வேண்டாம், அவியளே கொண்டாந்து தருவாவ. எங்க அம்மா விஷயத்த ரெண்டு நாள்ல சேத்தவ நீ."

"இத அப்பமே சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா நீ எல்லாரையும் ராசியாக்கி விட்டிருப்ப."

அப்படியென்றால் அந்தப் பொங்கல்? இரண்டு வயசான மனுஷர்களின் சண்டை ஆறிவிடாமல் இவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், ஒரு சாவிக்காக. எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. என் வாயிலிருந்து வந்தது வேறு கேள்வி.

"சாவி கெடக்கட்டும். உன்னப் பத்தி முழுசாத் தெரிஞ்சது யாருக்குளா? அதச் சொல்லு."

மழைச் சத்தத்தில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஒருத்தருக்கும் முழுசாத் தெரியாது" என்றாள். "மூணு பேரு சேந்தாத் தெரியும். அதுல நீ ஒருத்தி."

ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். கெஞ்சியும் கொஞ்சியும் மிரட்டியும் இரண்டு பேரையும் கூட்டிவந்தேன். ஒருவர் அடிக்கும்போது மற்றவர்கள் சுவரைப் பார்த்து நின்றார்களாம். நான் கதவுக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இயந்திரம் திறந்தது, இறால் கப்பலேறியது. மறுவாரமே அவள் மஸ்கட்டிலிருந்தபடி முதலாளிக்குப் போனில் வழி சொல்லி, பழைய ஐந்து துண்டையும் செல்லாமல் ஆக்கிப் புதிதாக ஐந்து துண்டு போடவைத்தாள். என்னிடம் கவரைக் கொடுத்த இரண்டு பேரின் பெயரும் புதிய ஐந்தில் இல்லை. என் பெயரும் இல்லை. அதைப் பற்றி எனக்கு இப்போது வருத்தமில்லை.

'அதுல நீ ஒருத்தி.' அந்த வார்த்தை தந்த சந்தோஷம் ஆட்டோ தெருமுனை திரும்பும்வரைதான் இருந்தது. மற்ற இரண்டு பேர் யார்? மில்லர்புரத்து அக்காவா? அவளோடு மஸ்கட்டில் ஒரே அறையில் தங்கியிருக்கும் மலையாளத்துப் பெண்ணா? என்னைவிட அவர்களுக்குப் பெரிசாக என்ன தெரிந்துவிடும்? எல்லோர் முகத்தையும் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் வலிக்கிறது. போன வாரம் சூப்பர்வைசர், "மஸ்கட்லேருந்து புள்ள பேசிச்சு" என்று தானாகவே ஆரம்பித்தார். என்ன பேசினாள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், எல்லாவற்றையும் கொட்டியிருப்பார். அந்த இரண்டு பேரைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மதியம் ஆகாது. ஆனால் நான் கண்டுபிடித்தது அவளுக்குத் தெரியாமல் போகாது. தெரிந்த அன்றே என்னை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு யாரையாவது வைத்துவிடுவாள். அதனால் "அப்படியா அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு என் வேலையைப் பார்க்கப் போனேன்.